ரஞ்சி டீச்சரும் கொருக்குப்பேட்டைத் தேனீக்களும்

சென்ற வியாழக்கிழமை காலை, திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி ஒலித்தது. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் தலை வாரிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தேன். ஏழுமலை நின்றுகொண்டிருந்தார். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்குபவர். என்னிடம் படித்த தனம் என்ற பெண்ணின் தகப்பனார். கடைத்தெருவில் பார்த்தால் கும்பிடு போடுவாரே தவிர, என் வீட்டுக்கு அவர் வந்ததே இல்லை.

"டீச்சரம்மா" என்றார். தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சற்று நேரம் நின்றார்.

"ரஞ்சி டீச்சரு பூட்டாங்கமா. காத்தால எழுந்து தண்ணி குட்ச்சிட்டுப் படுத்தாங்களாம். அவ்ளோதான். ராயபுரத்துல வூட்லதான் கீறாங்க. சாயங்காலம் எடுக்கறாங்களாம்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "இன்னும் நாலு வூட்டுக்குச் சொல்லணும். யாருக்கும் தெரியாம பூடக் கூடாதும்மா அவங்க" என்று சொல்லிவிட்டு, நான் கொண்டுவந்த தண்ணீரையும் வாங்காமல் சைக்கிளைத் திருப்பினார். எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போனார். சீப்பைக் கையில் பிடித்தபடி நான் வாசலிலேயே நின்றேன்.

ரஞ்சி டீச்சரின் முழுப்பெயர் எமரன்சியா. ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கணவர் திரு. சூசை, கப்பல்களைக் கரைக்கு இழுத்து வரும் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் வாயில் எமரன்சியா என்ற பெயர் நுழையாது. எமரஞ்சி, அமரஞ்சி என்று தடுமாறி, எந்த வருஷத்துக் குழந்தையோ ஒன்று ரஞ்சி என்று சுருக்கிவிட்டது. அதுவே நிலைத்தது. தலைமையாசிரியர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அறுபதுகளின் நடுவில் கொருக்குப்பேட்டைப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, அவர் அங்கே பல வருஷம் இருந்து பழகியவர். அவருக்கு ஒன்றாம் வகுப்பு, எனக்கு இரண்டாம் வகுப்பு. இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது, மூங்கில் தட்டிதான். அவர் வகுப்பில் பேசுவது என் வகுப்பிலும், நான் அதட்டுவது அவர் வகுப்பிலும் கேட்கும். அவர் சுருதி சேராமல் பாடுவார். பாட்டு ஆரம்பித்ததும் என் பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். "சிரிங்கடா, சிரிங்க. பாட்டு வராதவ பாடுறதுதான் பாட்டு" என்று தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பதில் வரும்.

அவரைத் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது, அவர் தைரியசாலி அல்லர். நாய் என்றால் அவருக்கு உயிரே போய்விடும். ஸ்டேஷனிலிருந்து பள்ளிக்கு வரும் சந்தில் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். குரைக்கவும் தெம்பில்லாத நாய். அதற்குப் பயந்து டீச்சர் எண்ணெய்க் கடையைச் சுற்றிக்கொண்டு வருவார். வெயிலானாலும் மழையானாலும் அந்தச் சுற்றுவழிதான். ஒருநாள் நான் அவருடைய கையைப் பிடித்து நாயைக் கடக்க வைத்தேன். பள்ளி வாசல் வரை என் மணிக்கட்டை அவர் விடவில்லை.

"அது ஒண்ணும் செய்யாது டீச்சர்" என்றேன்.

"நீ சொல்றது எனக்கும் தெரியும் சகுந்தலா. என் காலுக்குத் தெரியலையே" என்றார்.

நான் சொல்லப்போகும் சம்பவங்களில் அவர் நடந்துகொண்ட விதம் எல்லாம் இந்தப் பதிலிலிருந்துதான் வந்தது என்று இப்போது தோன்றுகிறது. பயம் உடம்பில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

எங்கள் பள்ளியின் பின்பக்கம் கூட்ஸ் யார்டு. நடுவில் ஒரு பழைய மதில். ஓரிடத்தில் அது இடிந்து, ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டிருந்தது. மதிலுக்கு அப்பால் தண்டவாளங்கள். நாள் முழுக்க வேகன்களைக் கோர்ப்பதும் பிரிப்பதுமாக இருப்பார்கள். வெல்ல மூட்டைகள் வந்து இறங்கும் காலத்தில் யார்டு முழுவதும் தேனீ மொய்க்கும். மதிலை ஒட்டி எங்கள் பக்கத்தில் நின்ற புங்கமரத்தின் பொந்தில் அவற்றின் கூடு இருந்தது. குழந்தைகள் குழாயடிக்குப் போனாலும் தேனீ, தட்டைக் கழுவினாலும் தேனீ. எப்போதாவது ஒன்று கொட்டும், குழந்தை அழும், சுண்ணாம்பு தடவுவோம். அதைப் பெரிய விஷயமாக யாரும் நினைத்ததில்லை.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள் அது. ஏழுமலையின் மகள் தனம் அப்போது ஒன்றாம் வகுப்பு. பூஜைக்கு வாங்கியதில் மிஞ்சிய சாமந்தியை அவளுடைய அம்மா தலை நிறைய வைத்து அனுப்பியிருந்தார். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது ஒரு தேனீ அந்தப் பூவில் வந்து உட்கார்ந்தது. "தனம், உன் தலையில தேனீ!" என்று யாரோ கத்தினார்கள். அவள் அலறிக்கொண்டு ஓடினாள். தலையை இரண்டு கைகளாலும் அடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடிந்த மதில் வழியாக ஓடினாள். அந்தப் பக்கத்தில் வேகன்களைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

நான் பார்த்ததை எழுத வேண்டியதில்லை. இடது பாதம் போய்விட்டது. முதலில் ஓடியவர் ரஞ்சி டீச்சர்தான். புடவைத் தலைப்பைக் கிழித்துக் காலை இறுக்கிக் கட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை அவள் காதில் ஏதோ பாடிக்கொண்டே போனார் என்று ரிக்‌ஷாக்காரர் பிறகு சொன்னார்.

அன்று சாயங்காலம் ஏழுமலை பள்ளிக்குள் வந்தார். கழியில் சாக்கைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தி, புங்கமரப் பொந்தில் செருகினார். ஒருவரும் தடுக்கவில்லை. தலைமையாசிரியரும் சரி என்பதுபோல் நின்றார். கூடு எரிந்தது. தேன் வடிந்து பட்டையில் பொசுங்கும் வாசனை தெருவரை போயிற்று. எல்லாம் எரிந்த பிறகும் ஏழுமலை அந்தக் கழியால் மரத்தை அடித்துக்கொண்டே இருந்தார்.

இரத்தக்கறை படிந்த புடவையோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த டீச்சர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தேனீ என்ன பண்ணும் டீச்சர், பாவம்" என்றேன் மெல்ல.

"அவரு எதையாவது எரிக்கணுமில்ல சகுந்தலா. ரயிலை எரிக்க முடியாது. எரிச்சிட்டுப் போகட்டும், விடு" என்றார்.

மறுநாள் காலை மரத்தடியில் செத்த தேனீக்கள் கருகிய நெல்லைக் கொட்டியதுபோல் கிடந்தன. அந்த வாரமே இடிந்த மதிலையும் எடுத்துக் கட்டினார்கள். இத்தோடு தொல்லை ஒழிந்தது என்று எல்லோரும் நினைத்தோம். ஆனால் யார்டில் வெல்லம் இருந்தது. கொடுங்கையூர்ப் பக்கத்துப் புதர்களிலிருந்தோ எங்கிருந்தோ தேனீக்கள் தொடர்ந்து வந்தன. குழந்தைகளின் பயமோ பல மடங்காகிவிட்டது. ஈ பறந்தாலும் அலறினார்கள். பக்கத்து வீட்டில் தையல் மிஷின் ஓடும் சத்தத்துக்கு ஒரு சின்னப் பெண் பாவாடையை நனைத்துக்கொண்டாள். பல வீடுகளில் பிள்ளைகளை அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் யாரோ "தேனீ!" என்று கத்த, ஒன்றாம் வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் கதவைப் பார்த்துப் பாய்ந்தது. நெரிசலில் ஒரு பையனுக்குக் கை பிசகிவிட்டது. வகுப்புக்குள் வந்தது ஒரு வண்டு.

அன்று டீச்சர் என்னிடம், "தேனீ கொட்டுனா வலிக்கும், அவ்ளோதான். ஆனா இதுங்க ஓடுற ஓட்டம் இருக்கே, அதுதான் சகுந்தலா எனக்குப் பயமா இருக்கு. மதிலைக் கட்டிட்டாங்க. தெருவுல? லாரி போற ரோட்டுல? வூட்டுக்குப் பக்கத்துலயே லைன் இருக்கிற பிள்ளைங்க இதுங்க" என்றார்.

மறுநாள் அவர் ஆரம்பித்தார். ஆரம்பமே தோல்வி. தட்டிக்கு இப்பால் எனக்கு எல்லாம் கேட்டது.

"பாருங்க கண்ணுங்களா, தேனீ ரொம்ப நல்லது. நம்மள ஒண்ணுமே செய்யாது" என்றார்.

"பொய்யி" என்றது ஒரு குரல். குமார் என்ற பையன். "என்ன ரெண்டு தபா கொட்டிக்கீது. நீங்க பொய் சொல்றீங்க."

நானாக இருந்தால் அவனை எழுப்பி நிறுத்தியிருப்பேன். டீச்சர் சொன்னது இதுதான்: "ஆமாடா. நான் சொன்னது பொய்தான். கொட்டும். வலிக்கும். கொட்டின இடம் வீங்கும். அப்புறம் போயிடும். சரியா?"

"சரி" என்றான் குமார், பெரிய மனுஷன்போல.

அதன்பிறகு அவர் அந்தக் குழந்தைகளிடம் தேனீயைப் பற்றி ஒரு பொய்யும் சொன்னதில்லை.

மரத்தடியில் கிடந்த செத்த தேனீக்களில் முழுசாக இருந்தவற்றைப் பொறுக்கி ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு, மூடி, அதன்மேல் ஒரு காகிதப் பையைக் கவிழ்த்து, வகுப்பின் கோடியில் வைத்தார். "அதுக்குள்ள செத்துப்போன தேனீ இருக்கு. பாக்கணும்னு தோணுறவங்க பாக்கலாம். வேணாம்னா வேணாம்" என்றார். அத்தோடு விட்டுவிட்டார். அதைப் பற்றிய பேச்சே எடுக்கவில்லை. ஒன்றிரண்டு நாள் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகு ஒரு பெண் காகிதப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். பிறகு இரண்டு பேர் சேர்ந்து போனார்கள். வார முடிவில் பாட்டிலைச் சுற்றிக் கூட்டம். "அய்ய, மீசை கீதுடா", "முதுகுல முடி பாரு", "பின்னாடி கோடு கோடா கீது" என்று ஒரே இரைச்சல். காகிதப் பை எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்து ஒரு விளையாட்டு. பிள்ளைகள் முற்றத்தில் ஓடியாடிக்கொண்டிருப்பார்கள். டீச்சர் 'ம்ம்ம்' என்று மூக்கால் ரீங்காரம் செய்ததும், நின்ற இடத்திலேயே கம்பம்போல நிற்க வேண்டும். டீச்சரின் கை தேனீயாக வளைந்து வளைந்து வந்து ஒரு தலையில் உட்காரும், காதோரம் சுற்றும், மூக்கின்மேல் இறங்கும். அசைந்தால் ஆட்டம் போச்சு. சிரிப்பை அடக்க முடியாமல் குழந்தைகள் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பார்கள். சில நாளில் அந்த ரீங்காரத்தை அவர்களே செய்ய ஆரம்பித்தார்கள். என் வகுப்பும் கெட்டது. கணக்குப் போடும்போதும் எங்கிருந்தோ 'ம்ம்ம்' என்று வரும்.

ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் அவர் கேட்பார்: "ஒண்ணு வந்தா?"

"நில்லு!"

"கூட்டமா வந்தா?"

"மூஞ்ச மூடிக்கினு உள்ள வா!"

இந்த இரண்டாவது பதிலையும் அவர் விட்டுவிடவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். எல்லா நேரத்திலும் நின்றுகொண்டிருப்பதும் ஆபத்துதான் என்பது அவருக்குத் தெரியும்.

இதற்கிடையே ஒருநாள் குழாயடியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவரையே ஒரு தேனீ கொட்டியது. புறங்கையில். "ஸ்ஸ்ஆ!" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழந்தைகள் அப்படியே உறைந்து நின்றார்கள்.

"வலிக்குதா டீச்சர்?"

"ரொம்ப வலிக்குதுடா" என்றார். அங்கேயே உட்கார்ந்து, கையை எல்லோருக்கும் காட்டி, நகத்தால் கொடுக்கை வழித்து எடுத்தார். மறுநாள் வீங்கிய கையோடு வந்தார். வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். அடுத்த நாள் வீக்கம் பாதி. அதற்கடுத்த நாள் குமார் அவருடைய கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வீக்கம் பூட்ச்சி" என்று வகுப்புக்கு அறிவித்தான்.

பொங்கலுக்குப் பிறகு தனம் திரும்பி வந்தாள். ஏழுமலை தோளில் தூக்கிவந்து வகுப்பில் இறக்கிவிட்டுப் போனார். கக்கத்தில் ஒரு ஊன்றுகோல். காலில் பழைய துணி சுற்றியிருந்தது. மற்றக் குழந்தைகள் அவளை அதிசயமாகப் பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். அவள் எதற்கும் அழவில்லை. பாட்டிலையும் பார்க்கவில்லை, விளையாட்டுக்கும் வரவில்லை. ஒருநாள் ஜன்னலில் தேனீ ஒன்று முட்டியது. மற்றவர்கள் தாங்கள் பழகியபடி நின்றார்கள். தனம் மட்டும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். மூச்சு இரைத்தது. தேனீ வெளியே போன பிறகு அவள் கேட்டது தட்டியைத் தாண்டி எனக்கு அட்சரம் பிசகாமல் கேட்டது.

"எல்லாரும் ஓடிப் பூடுவாங்க. என்னால இனிமே ஓட முடியாதே டீச்சர். நான் இன்னா பண்ணுவேன்?"

டீச்சர் பிள்ளைகளைப் பலகையில் ஏதோ எழுதச் சொல்லிவிட்டு என் பக்கம் வந்தார். என் வகுப்பின் மூலையில் சுவரைப் பார்த்து நின்று, தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

"தனம், நாளையிலேர்ந்து நான் தேனீ இல்ல. எனக்குத் தொண்டை கட்டிடுச்சு. நீதான் தேனீ" என்றார்.

இப்படித்தான் தனம் தேனீயானாள். முற்றத்தில் எல்லோரும் கம்பமாக நிற்க, அவள் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி, 'ம்ம்ம்' என்று நடுவில் சுற்றி வருவாள். யாருடைய தலையில் உட்காருவது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் நாள் சத்தமே எழவில்லை. சில நாளில் தெருவுக்கே கேட்டது. அவளுக்கு என்று ஒரு ரீங்காரம், கடைசியில் சற்றுத் தூக்கி நிறுத்துவாள். நின்றுகொண்டிருப்பவர்களைப் பார்த்து, "பயப்படாத, நான் பூவைத்தான் தேடினுகீறேன்" என்று அவளாகவே சொல்வாள். அந்த வசனத்தை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

பிறகு டீச்சர் இன்னொரு காரியம் செய்தார். பின்தாழ்வாரத்தின் கட்டைச்சுவரில் ஒரு தட்டில் வெல்லத் தண்ணீர் வைத்தார். தேனீக்கள் வந்து குடிக்கும். குழந்தைகள் தூரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். எவ்வளவு தூரம் என்பது அவரவர் இஷ்டம். ஒரு கல் வைத்து இடம் பிடித்துக்கொள்வார்கள். தோன்றினால் மறுநாள் கல்லை முன்னால் நகர்த்துவார்கள், பயமாக இருந்தால் பின்னால். யாரையும் அவர் "வா, கிட்ட வா" என்று அழைத்ததில்லை. குமார் கடைசி வரை கதவுக்கு உள்ளேயே இருந்தான்.

தலைமையாசிரியர் சலித்துக்கொண்டார். தாய்மார்கள் வாசலில் வந்து சண்டை போட்டார்கள். ஆனால் நாங்கள் எல்லோரும் பயந்தது ஏழுமலைக்காகத்தான். யார்டில் யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஒரு மதியம் வேலையை விட்டுவிட்டு, உடம்பெல்லாம் மூட்டைத் தூசியோடு தாழ்வாரத்துக்கு வந்தார். வெயில் ஏறிய நேரம். தட்டில் தேனீக்கள் மொய்த்திருந்தன. அன்றுதான் தனம் தன் கல்லை எல்லோரையும்விட முன்னால் வைத்து, தட்டுக்கு அருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எங்கொழந்த கால வாங்குன சனியனுக்கு நீ சோறு போட்டுகினுகீறியா?" என்று கத்தினார் ஏழுமலை. டீச்சரை அவர் 'நீ' என்று பேசியது அந்த ஒரு தடவைதான்.

டீச்சர் எழுந்து, "ஏழுமலை, ஒரு நிமிஷம்..." என்பதற்குள் அவர் ஓடிவந்து தட்டைத் தட்டிவிட்டார். தட்டு உருண்டது. வெல்லத் தண்ணீர் தனத்தின் பாவாடையிலும் கையிலும் தெறித்தது. எழும்பிய தேனீக்களில் பெரும்பாலானவை கலைந்து போயின. இரண்டு மூன்று திரும்பி வந்தன. தனத்தின் கையில் உட்கார்ந்தன.

ஏழுமலையின் முகம் வெளுத்துவிட்டது. தோள் துண்டை உருவி ஓங்கினார்.

"நைனா! அடிக்காத! ஆடாம நில்லு!"

தனத்தின் குரலில் ஒரு கண்டிப்பு இருந்தது. அவர் நின்றுவிட்டார். துண்டை ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. குழந்தைகள் எல்லோரும் கம்பமாக நின்றார்கள். டீச்சரும் நின்றார். சத்தம் கேட்டு ஓடிவந்த நானும் கதவருகில் நின்றேன். யார்டில் வேகன்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மட்டும் கேட்டது. தனத்தின் உதடு துடித்தது, கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது. கை அசையவில்லை. தேனீக்கள் அவளுடைய விரலிடுக்கில் இருந்த வெல்லத்தை உறிஞ்சின. ஒன்று பறந்தது. இன்னொன்று மணிக்கட்டுவரை நடந்துபோய்ப் பறந்தது. கடைசித் தேனீக்கு மட்டும் அவசரமே இல்லை.

அதுவும் போன பிறகு தனம் பெருமூச்சு விட்டாள். "பூட்ச்சி நைனா" என்றாள்.

ஏழுமலை அப்படியே தரையில் குந்திவிட்டார். அத்தனை பெரிய மனிதர், குழந்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தனம் ஊன்றுகோலை விட்டுவிட்டுத் தவழ்ந்து போய் அவர் மடியில் ஏறிக்கொண்டாள்.

"அன்னிக்குக்கூட அது என்னக் கொட்டவே இல்ல நைனா" என்றாள். "பூவுல குந்திச்சு, அவ்ளோதான். நான்தான் ஓடிட்டேன். எம்மேலதான் தப்பு."

நாங்கள் யாரும் அதுவரை கேட்காத விஷயம் அது. அத்தனை மாதமும் அந்தக் குழந்தை இதை உள்ளே வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறது. டீச்சர் வேகமாக வந்து அவள் எதிரில் மண்டியிட்டார். அவளுடைய மோவாயைப் பிடித்துத் தூக்கினார்.

"இல்லடா. நீ ஓடுனது தப்பே இல்ல. பயந்தா யாரா இருந்தாலும் ஓடத்தான் செய்வாங்க. நானே நாயப் பாத்தா ஓடுறேன். நிக்கணும்னு உனக்கு யாரும் சொல்லித் தரல. நான்கூடச் சொல்லித் தரல. உம்மேல தப்பே இல்ல. புரியுதா?"

தனம் தலையாட்டினாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். டீச்சர் இன்னொரு தடவை சொன்னார். அதையும் கேட்டுக்கொண்டபிறகுதான் அவள் தகப்பனாரின் தோளில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதாள். விபத்துக்குப் பிறகு அவள் அப்படி அழுததை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

ஏழுமலை எழுந்து போகும்போது டீச்சர் அவரிடம், "நீங்களும் நல்லா நின்னீங்க ஏழுமலை" என்றார். பள்ளிப் பிள்ளையைப் பாராட்டும் அதே குரலில். அவர் தட்டை எடுத்துத் துடைத்துக் கட்டைச்சுவரில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் தனம் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தாள். உள்ளே வெல்லத் தூள். "நைனா குடுத்தாரு. மூட்டையிலேர்ந்து சிந்துனதாம். திருடலியாம்" என்றாள்.

எல்லாக் குழந்தைகளின் பயமும் போய்விட்டதென்று எழுதினால் டீச்சருக்கே பிடிக்காது. குமார் ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் வரை தேனீயைக் கண்டால் கத்தினான். நான் கேலியாக எதையோ சொன்னபோது டீச்சர், "கத்தட்டுமே. கவனிச்சியா, நின்ன இடத்துல நின்னுகிட்டுதான் கத்துறான்" என்றார்.

அதன்பிறகு ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுப் பிள்ளைகள் வந்தார்கள், ஒவ்வொரு வருஷமும் டீச்சர் முதலிலிருந்து ஆரம்பித்தார். பாட்டில், கம்பம், தட்டு, கல். பயந்து நடுங்கும் பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் சிலர் அவரிடம் அழைத்து வந்ததுண்டு. தனம் எங்கள் பள்ளியை முடித்து, உயர்நிலைப் பள்ளிக்குப் போய், இப்போது தண்டையார்பேட்டையில் டைப்ரைட்டிங் பழகுகிறாள். பொய்க்கால் பொருத்திக்கொண்டு நடக்கிறாள்.

நான் திருவொற்றியூருக்கு மாற்றலாகி வந்த பின்பும் மாதம் ஒருமுறையாவது டீச்சரைப் பார்க்கப் போவேன். சென்ற மாதம் போயிருந்தபோது, அவருக்கு நெஞ்சுவலி வந்து, டாக்டர் படுக்கச் சொல்லியிருந்தார். சூசை ஐயா அடுப்படியில் வஞ்சிர மீன் வறுத்துக்கொண்டிருந்தார். "நான் சாப்பிடக் கூடாதாம். வாசனை பிடிக்கலாமாம். நீயும் சைவம். இந்த மனுஷன் யாருக்காக வறுக்கிறார்னு கேளு" என்று சிரித்தார் டீச்சர். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பாதியில விட்டுட்டு வந்துட்டேன் சகுந்தலா. இந்த வருஷத்துப் பசங்க இன்னும் கல்லையே நகத்தல. புதுசா வந்திருக்கிற பொண்ணு அவசரப்படுத்துறாளோ என்னமோ. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வரியா?" என்றார்.

மறுவாரம் போய்ப் பார்த்தேன். அந்த இளம் ஆசிரியை கதவோரம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். யாரையும் எதற்கும் அழைக்கவில்லை. ராயபுரத்துக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "அப்போ சரி" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அது.

வியாழன் மாலை, மாதா கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். துறைமுகத்துத் தொழிலாளிகள், மீன்காரப் பெண்கள், யார்டு ஆட்கள் என்று கூட்டம் நிறைந்திருந்தது. அந்த இளம் ஆசிரியை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சீருடையோடு அழைத்து வந்திருந்தாள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவர்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவராக மண் போட்டு முடித்தார்கள். சூசை ஐயா கடைசியாகப் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொள்ளாமல் அப்படியே நின்றார்.

வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண் விலகி வந்து அவருடைய வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சரு எப்போ வருவாங்க?"

சுற்றி நின்றவர்கள் அவளை அப்பால் இழுக்கப் பார்த்தார்கள். சூசை ஐயா வேண்டாமென்று கைகாட்டினார். சிரமப்பட்டுக் குனிந்து, அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார்.

"வரமாட்டாங்க கண்ணு" என்றார். "இனிமே வரமாட்டாங்க. எனக்கும் அதான் அழுகையா வருது."

அந்தக் குழந்தை அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு தன் சட்டை நுனியை எடுத்து அவருடைய கன்னத்தைத் துடைத்துவிட்டது. கடல் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர்கள் இருவரும் எழுந்திருக்கும் வரை நாங்கள் யாரும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

எமரன்சியா டீச்சர், நீங்கள் விட்டுவந்த பிள்ளைகள் பத்திரமாக இருக்கிறார்கள். கவலையில்லாமல் உறங்குங்கள்.